வில்பர்ட் கைடும் வினிஃப்ரெட் சீமாட்டியும்

மார்ச் 2, ஞாயிறு

இன்று மாலை காபிக்கும் வாழைக்காய் பஜ்ஜிக்கும் நடுவில் நான் பட்டதாரி ஆனேன். பட்டம் வழங்கியவர் என் கணவர் செல்லமுத்து. விழா நடந்த இடம் எங்கள் வீட்டு ஹால்.

எங்கள் மகள் தாரணியைப் பெண் பார்க்கச் சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்தார்கள். பையன் நந்தகுமார் கோயமுத்தூரில் தாரணி வேலை பார்க்கும் அதே கட்டடத்தில் வேறு மாடி. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் எப்போதோ பார்த்து முடித்துவிட்டார்கள். இன்றைய பார்வை பெரியவர்களுக்காக. பையனுக்கு அப்பா இல்லை. அம்மா சௌந்தரி டீச்சர், ஆங்கிலம் நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். எம்.ஏ., எம்.எட். வெள்ளைப் புடவையில் மடிப்புக் கூடக் கலையாமல் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எனக்கே எழுந்து நின்று வருகைப் பதிவு சொல்ல வேண்டும் போலிருந்தது.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "பி.ஏ. இங்கிலீஷுங்க" என்றார்.

டீச்சர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்படிங்களா? எனக்கு இதெல்லாம் பேசறதுக்கு ஆளே இல்லைங்க. ஞாயித்துக்கெழமை போன் பண்றேனுங்க, பேசலாம்."

அவர்கள் போனதும் இவரைப் பிடித்தேன். "ஏனுங்க, நான் எப்பங்க பி.ஏ. ஆனேன்?"

"மூணு வருசம் காலேஜுக்குப் போனியா இல்லியா?"

"கடைசிப் பேப்பர் எழுதலியே."

"ஒரு பேப்பர்தான? அந்தம்மா அத்தனை படிச்சிருக்குது. நம்ம பக்கம் ஒண்ணாச்சும் வேண்டாமா?"

"உங்க படிப்பைச் சொல்லியிருக்கலாமே."

"என்னையத்தான் கேக்கவே இல்லையே" என்றார். கேட்டார்கள். "மோட்டார் பம்ப் கடைங்க" என்று பதில் சொன்னார்.

அந்தப் பேப்பரின் பெயர் 'நாடகமும் கவிதையும்'. பரீட்சை நாளும் என் மறுவீட்டு விருந்தும் ஒரே நாளில் விழுந்தன. மாமனார் அப்போது, "பரீட்சை எங்க ஓடிப் போகுது, அடுத்த வருசம் எழுதிக்கலாம்" என்றார். அடுத்த வருடம் தாரணி பிறந்தாள். அதற்கெல்லாம் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.


மார்ச் 9, ஞாயிறு

சொன்னபடி டீச்சர் கூப்பிட்டார். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எந்த நாடகம்ங்க பிடிக்கும்?"

"எல்லாமே பிடிக்குமுங்க."

"கவிதையில?"

"அதுவும் எல்லாமேங்க."

"உங்க காலேஜ்ல என்ன நாடகம் வச்சிருந்தாங்க?" என்று கேட்டார். அந்த வருடங்களிலிருந்து எனக்கு நினைவிருப்பது கேண்டீன் தேங்காய் பன்னும் ஒரு பெயரும் மட்டும்தான். பெயரைச் சொன்னேன். "வினிஃப்ரெட்."

"அட" என்றார் டீச்சர். "அதுவா. நல்ல நாடகமுங்க. அடுத்த வாரம் அதைப் பத்திப் பேசலாம்."

குழம்பு அடிப்பிடித்துவிட்டது.


மார்ச் 10

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் புத்தகக் கடைக்குப் போய், "ஆங்கில நாடகம், கவிதை, ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் தலையைத் தூக்காமலே, "வில்பர்ட் கைடு தரட்டுங்களா?" என்றார். மஞ்சள் அட்டை. 'டாக்டர் ஜே.டி. வில்பர்ட் வழங்கும் எளிய வழிகாட்டி. ஆங்கிலம் ஒரு பக்கம், தமிழ் விளக்கம் மறு பக்கம்.' என் கூடப் படித்தவர்கள் பாஸானதும் இந்த மஞ்சள் அட்டையால்தான். அட்டையின் மஞ்சள் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

பொண்ணுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்தக் குடும்பத்தில் பொய் இப்போது தொற்றுநோய்.


மார்ச் 13

வில்பர்ட்டைப் படித்ததில் எனக்கு விளங்கியவை:

எல்லா நாடகமும் மனித வாழ்வின் கண்ணாடி. எல்லாக் கவிதையும் கற்பனையின் சிறகு. எல்லா ஆசிரியர்களும் சாகாவரம் பெற்றவர்கள், ஆனால் செத்துவிட்டார்கள். கேள்வி எதுவாக இருந்தாலும் முன்னுரை, கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, முடிவுரை. முடிவுரையில் 'இவ்வாறாக' என்று ஆரம்பித்தால் போதும், எதுவும் நிரூபணமாகிவிடும்.

நாடகத்தின் கதை இது. கார்ஸ்டன் என்று ஒரு பிரபு. அவன் மனைவி வினிஃப்ரெட், மாவு மில்காரன் மகள். ஆசைப்பட்டுத்தான் கட்டிக்கொள்கிறான். ஆனால் அரசசபையில் ராஜா, "உன் மனைவி எந்த வம்சம்?" என்று கேட்கும்போது நாக்கு புரளவில்லை. "பெரிய வம்சம், செத்துப் போய்விட்டாள்" என்று சொல்லிவிடுகிறான். அன்றிலிருந்து விருந்தாளி வரும்போதெல்லாம் வினிஃப்ரெட் தன் வீட்டிலேயே வேலைக்காரியாக நடமாட வேண்டும். வருஷக்கணக்கில் தரை துடைக்கிறாள். கடைசியில் ராஜா தன் தங்கையை கார்ஸ்டனுக்குக் கட்டிவைக்க வரும்போது குட்டு உடைகிறது. பிரபு எல்லோர் முன்னாலும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். வில்பர்ட் எழுதுகிறார்: "'எழுந்திருங்கள் பிரபுவே' என்ற ஒற்றை வாக்கியத்தில் மன்னிப்பின் மகத்துவத்தை நாட்டுகிறாள் நாயகி. இருவரும் கட்டித் தழுவ, திரை விழுகிறது."

மகத்துவம்தான். நானாக இருந்தால் அந்த வாளித் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். இவருக்குச் சப்பாத்தி போட நேரமாகிவிட்டது.


மார்ச் 16, ஞாயிறு

டீச்சரிடம் வெளுத்துக் கட்டினேன். "வினிஃப்ரெட் பொறுமையின் சிகரமுங்க. தாய்மையின் ஊற்று. கார்ஸ்டன் குறையுள்ள மனிதன், ஆனாலும் குன்றாத காதலன்" என்றேன். போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, வில்பர்ட்டை மிக்ஸி மேல் விரித்து வைத்திருந்தேன்.

எதிர்ப்பக்கம் டீச்சருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "ரொம்ப நல்லாச் சொல்றீங்க" என்றார். "நம்ம பேச்சு எனக்கு வாரம் பூரா இருக்குமுங்க."

இவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.


மார்ச் 21

பேப்பரில் விளம்பரம். பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு தருகிறது. எந்த வருடத்து அரியரானாலும் சரி. ஜூனில் பரீட்சை.

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பேப்பரை வைத்தேன். படித்துவிட்டு, "சொல்லியாச்சுல்ல பி.ஏ.ன்னு? அப்பறம் எதுக்குப் பரீட்சை?" என்றார்.

அந்தத் தர்க்கத்தை உடைக்க என்னிடம் ஆள் இல்லை. வில்பர்ட்டாலும் முடியாது.

"எழுதுனா நிஜமாயிருமில்லீங்க."

"எழுதப் போறது வெளிய தெரிஞ்சா மொதல்ல சொன்னது பொய்யாயிரும். இந்த வயசுல பரீட்சை ஹாலுல போய் உக்காந்தா ஊரு சிரிக்காதா? நிச்சயம் முடியட்டும், பாக்கலாம்."

மோர் கேட்டார். ஊற்றினேன்.


மார்ச் 24

விண்ணப்பம் போட்டுவிட்டேன். தாரணி ஆன்லைனில் செய்து கொடுத்தாள். "அம்மா, எங்க கல்யாணத்துக்காகப் படிக்காத. அத்தைக்குத் தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள்.

"உனக்காகத்தான் கண்ணு" என்றேன்.

"பொய்" என்றாள்.


ஏப்ரல் 4

மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம்.


ஏப்ரல் 13, ஞாயிறு

கவிதைப் பகுதி. ஒரு கவிஞர் பாழடைந்த மணிக்கூண்டு ஒன்றைப் பார்த்து நாற்பது வரி அழுகிறார். மணி ஓடவில்லை என்பதுதான் விஷயம். ரிப்பேர்காரனைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும். இன்னொருவருக்கு ஆட்டு மந்தையைப் பார்த்தால் கடவுள் தெரிகிறார். எங்கள் பக்கம் ஆட்டு மந்தையைப் பார்த்தால் பிரியாணி தெரியும்.

இதை அப்படியே டீச்சரிடம் சொன்னேன். வில்பர்ட் பக்கத்தில் இல்லை, தாரணி ரூமில் மாட்டிக்கொண்டிருந்தது, அதனால் சொந்தச் சரக்கு. டீச்சர் விடாமல் சிரித்தார். "முப்பத்தஞ்சு வருசம் பாடம் நடத்தியிருக்கறனுங்க. ஒரு புள்ளை கூட இப்படிச் சொன்னதில்லை."

"தப்புங்களா?"

"தப்பில்லீங்க. ஆனா அந்த மணிக்கூண்டு, அவரு அப்பா கட்டுனது. மூணாவது பத்தியில ஒரு ஓரத்துல வருது. திருப்பிப் படிச்சுப் பாருங்க."

படித்தேன். ஆங்கிலப் பக்கத்தில் இருக்கிறது. வில்பர்ட்டின் தமிழ் விளக்கத்தில் அந்த வரியே இல்லை. விட்டுவிட்டார்.

அப்பா கட்டியது என்று தெரிந்த பிறகு நாற்பது வரி அதிகமாகத் தெரியவில்லை.


ஏப்ரல் 19

ஒரு வரியை விட்டவர் இன்னும் எதையெல்லாம் விட்டாரோ என்று ஒரு சந்தேகம். கைடில் கவிதைகள் முழுசாக இருக்கின்றன, நாடகத்துக்குச் சுருக்கம் மட்டும்தான். "அசல் நாடகம் எங்காச்சும் கிடைக்குமா?" என்று தாரணியிடம் கேட்டிருந்தேன். ஏதோ வெளிநாட்டு நூலகத்தின் இணையதளத்தில் பழைய புத்தகத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தார்களாம். ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து வந்தாள். எழுத்துகள் குதிரைவண்டிக் காலத்தவை. எஸ் எல்லாம் எஃப் மாதிரி இருக்கிறது. முதல் பக்கத்துக்கே அகராதி களைத்துவிட்டது.


ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் வடகம் காயப்போட்டுவிட்டு, காக்காய் விரட்டும் சாக்கில் மொட்டைமாடியில் உட்கார்ந்து கடைசிக் காட்சியைப் படித்து முடித்தேன்.

அவள் மன்னிக்கவே இல்லை.

பிரபு மண்டியிடுகிறான். சபை பார்க்கிறது. வினிஃப்ரெட் சொல்வது இதுதான். நானே மொழிபெயர்த்தேன், மூன்று முறை சரிபார்த்தேன்: "எழுந்திருங்கள் பிரபுவே. தரை ஈரமாக இருக்கிறது. இப்போதுதான் துடைத்தேன்." பிறகு சாய்ந்த எழுத்தில் நடிகர்களுக்கான குறிப்பு: 'வாளியை வைத்துவிட்டுப் போகிறாள்.' அவ்வளவுதான். பிரபு அதற்குப் பிறகு ஒரு பக்கம் பேசுகிறான். அவள் திரும்பி வருவதில்லை. கட்டித் தழுவல் எங்கேயும் இல்லை. பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

டாக்டர் வில்பர்ட் 'எழுந்திருங்கள் பிரபுவே'யோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

காக்காய் பாதி வடகத்தைக் கொண்டு போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.


மே 4, ஞாயிறு

டீச்சர் போன் வரும்வரை பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். முதல் முறை.

"சம்பந்தி, வினிஃப்ரெட் மன்னிக்கலைங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தரை ஈரம், வாளி, எல்லாம். வேகத்தில் வில்பர்ட்டையும் பிடித்துக்கொண்டேன். "வில்பர்ட்டுனு ஒருத்தன் கைடு எழுதியிருக்கறானுங்க. அவன் நாடகத்தைக் கண்ணுல கூடப் பாத்திருக்க மாட்டான். டாக்டராம். கால்நடை டாக்டரா இருப்பான். எவனோ எழுதுனதைப் பாத்து எழுதி, வாய் கூசாம அவளைக் கட்டிப் புடிக்க வச்சுட்டான். எத்தனை புள்ளைங்க அதைப் படிச்சுப் பாஸாகியிருக்கும்?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அப்படிங்களா" என்றார் டீச்சர். "அடுப்புல பால் வச்சிருக்கறனுங்க. அப்பறம் பேசறேன்."


மே 11, ஞாயிறு

போன் வரவில்லை.


மே 18, ஞாயிறு

இன்றும் வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மாதக் கடைசியில் நிச்சயதார்த்தம். மண்டபத்துக்கும் சமையலுக்கும் சொல்லியாகிவிட்டது.

இவர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்தார். "என்ன பேசித் தொலைச்ச?"

"நாடகத்தைப் பத்திப் பேசினேன்."

"நாடகத்துல என்னத்தைப் பேசுன?"

"அவ மன்னிக்கலைன்னு சொன்னேன்."

"எவ?"

சொல்லிப் புரியவைக்கிற பொறுமை எனக்கும் இல்லை, கேட்கிற பொறுமை அவருக்கும் இல்லை. "மன்னிச்சான்னே சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல. உனக்கென்ன நட்டம்?" என்றார். புள்ளை வாழ்க்கை என்றார். தான் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்ற எனக்குத் துப்பில்லை என்றார். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

தாரணியைக் கேட்டால், "நந்து எப்பவும் போலத்தான் பேசறான். அவங்கம்மா கதவைச் சாத்திட்டு உள்ளயே இருக்காங்களாம். உடம்புக்கு ஒண்ணுமில்லையாம்" என்கிறாள். அவள் குரலும் சரியில்லை.


மே 20

சத்தியமங்கலம் போய் வந்தேன். இவரிடம் நகைக்கடை என்று சொன்னேன். நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பேருந்தில் முழுக்க ஒத்திகை. போனதும் உண்மையைச் சொல்லிவிடுவது. நான் பி.ஏ. இல்லை, எங்கள் வீட்டுக்காரர் ஆசையில் சொல்லிவிட்டார், பிள்ளைகள் மேல் கோபம் வேண்டாம். முன்னுரை, கதைச்சுருக்கம், முடிவுரை எல்லாம் தயார். பையில் அசல் நாடகத்தின் பிரிண்ட். எதற்காக எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை.

டீச்சர் கதவைத் திறந்தார். கசங்கிய நைட்டி, தோளில் துண்டு. மடிப்புக் கலையாத புடவையில் பார்த்த ஆளா என்று இருந்தது. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். "நான் பி.ஏ. முடிக்கலைங்க. ஒரு பேப்பர் நிக்குது. அதுவும் இந்த நாடகப் பேப்பர்தானுங்க. ஜூன்ல எழுதப் போறேனுங்க."

"தெரியுமுங்க" என்றார்.

"யாரு சொன்னாங்க?"

"நீங்கதான். ரெண்டாவது தடவை பேசுனப்ப. பரீட்சைக்குப் படிக்கறவங்கதான் கைடை வரி மாறாம ஒப்பிப்பாங்க. வினிஃப்ரெட் தாய்மையின் ஊற்றுன்னீங்களே. அவளுக்குக் குழந்தையே கிடையாது. உலகத்துலயே அந்தத் தப்பை எழுதுனது ஒரே ஒரு ஆளு."

"வில்பர்ட்டுங்களா?"

"நானுங்க."

நான் உட்கார்ந்தேன்.

வில்பர்ட் என்று ஒருவர் கிடையாது. நந்தகுமார் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பதிப்பகத்துக்காரர் டீச்சரிடம் வந்து ஒரே வாரத்தில் கைடு வேண்டும் என்றாராம். நாடகம் எங்கேயும் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் யாரோ எழுதிய பழைய கைடு ஒன்று கிடைத்தது. "அதைப் பாத்துத்தான் எழுதினேன். அவரு யாரைப் பாத்து எழுதினாரோ. தாய்மை மட்டும் என் சொந்தச் சரக்கு. மடியில புள்ளை இருந்துச்சு, அந்த ஞாபகத்துல எழுதிட்டேன். பொம்பளைப் பேரு போட்டா விக்காதுன்னு அவங்களே வில்பர்ட்டுனு பேரு வச்சாங்க. டாக்டர் பட்டமும் அவங்களே குடுத்துட்டாங்க."

"எனக்கு எங்கூட்டுக்காரர் குடுத்த மாதிரிங்க" என்றேன்.

டீச்சர் சிரிப்பார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோவமில்லீங்க. கூச்சம். நான் எழுதுன புஸ்தகம்னு இருக்கறது அது ஒண்ணுதான். புள்ளைங்க கையில அதைப் பாக்கறப்ப, இது நம்முளுதுன்னு உள்ளுக்குள்ள ஒரு இது இருக்கும். நீங்க பேசுனப்பறம் யார் முகத்துலயும் முழிக்கப் புடிக்கலை."

"நான் பி.ஏ. இல்லைன்னு தெரிஞ்சும் ஏனுங்க வாரா வாரம் பேசுனீங்க?"

"மொதல்ல நானே எழுதுனதை எனக்கே ஒப்பிச்சீங்க, அது சிரிப்பா இருந்துச்சு. அப்பறம் ஆட்டு மந்தைக்குப் பிரியாணின்னீங்க பாருங்க. அன்னையிலருந்து ஞாயித்துக்கெழமைக்குக் காத்திருக்க ஆரம்பிச்சுட்டேன்."

கால்நடை டாக்டர் என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "பொருத்தமான பேருதான்" என்றார்.

பிறகு பையிலிருந்து பிரிண்டை எடுத்தேன். மதியம் முழுவதும் இருவரும் தரையில் உட்கார்ந்து படித்தோம். எனக்கு எஸ், எஃப் தகராறு. அவர் உரக்கப் படித்தார். மேடையில் நடிப்பவர் மாதிரி ராஜாவுக்கு ஒரு குரல், பிரபுவுக்கு ஒரு குரல். கடைசிக் காட்சியில் வினிஃப்ரெட்டுக்கு வந்தபோது குரல் எதுவும் மாற்றவில்லை, சாதாரணமாகச் சொன்னார். வாளியை வைத்துவிட்டுப் போகிறாள் என்று படித்ததும் காகிதத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டார்.

"இத்தனை வருசமா இந்தப் புள்ளையை வலுக்கட்டாயமா மன்னிக்க வச்சிருக்கறனே" என்றார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "பரீட்சையில மன்னிச்சான்னே எழுதுங்க. திருத்தறவங்க மனசுல வில்பர்ட்டுதான் இருப்பான். மொதல்ல பாஸாகணும், மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

"கல்யாணம்ங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? நிச்சயத்தன்னைக்குப் பந்தியில எனக்குப் பக்கத்துல உக்காருங்க. பேசறதுக்கு ஆளு வேணும்."

வீட்டுக்கு வந்ததும் இவர், "நகை எங்க?" என்றார். டிசைன் பிடிக்கவில்லை என்றேன்.


மே 30

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. உப்புமாவில் உப்பில்லை. இவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.


ஜூன் 6

பரீட்சை எழுதிவிட்டேன்.

நிச்சயம் முடிந்த மறுநாள் ஹால் டிக்கெட்டை இவர் முன்னால் வைத்துவிட்டேன். இவரே டிவிஎஸ்ஸில் கொண்டு போய் விட்டார். கேட்டுக்கு முன்னால் இல்லை, முக்குச் சந்தில், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து. இவருடைய அண்ணி கேட்டதற்கு, நான் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தாராம். ஹால் வாசலில் மேற்பார்வைக்கு வந்த பெண், "பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய இருங்கம்மா" என்றாள். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். என் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு முன்னால் இருந்த பையன் திரும்பி, "ஆன்ட்டி, ஒரு பேனா இருக்குதுங்களா?" என்றான். கொடுத்தேன். அத்துடன் நான் வகுப்பில் ஒருத்தி ஆகிவிட்டேன்.

மணிக்கூண்டு வந்திருந்தது. அப்பா கட்டியது என்று எழுதினேன்.

பெரிய கேள்வி: 'வினிஃப்ரெட்டின் மன்னிக்கும் மாண்பை விளக்குக.'

வில்பர்ட்டின் பதில் வரிக்கு வரி எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தேன். பாஸானால் இவர் சொன்னது நிஜமாகிவிடும். தாரணிக்கு இடைஞ்சல் இல்லை. டீச்சரே சொல்லிவிட்டார். ஒரு பெண் ஒரு புத்தகத்துக்குள் என்றோ வாளியை வைத்துவிட்டுப் போனாள். அவள் கட்டித் தழுவினாள் என்று நான் எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை.

எழுத முடியவில்லை.

'மாண்பு உண்டு, மன்னிப்பு இல்லை' என்று ஆரம்பித்தேன். அவள் சொன்ன முழு வாக்கியத்தையும் எழுதினேன். அவன் மண்டியிடுவது அவளுக்காக இல்லை, சபைக்காக என்றும், அவளைச் செத்தவள் என்று சொன்னபோது இருந்த அதே சபைதான் அது என்றும் எழுதினேன். அவனை எழுந்திருக்கச் சொல்வது மன்னிப்பு அல்ல, அவன் வேட்டி நனையுமே என்ற பழக்கதோஷம் என்றேன். அவர்கள் வேட்டி கட்ட மாட்டார்கள் என்று நினைவு வந்து அடித்துவிட்டுக் கால்சட்டை என்று எழுதினேன். என் ஆங்கிலம் எத்தனை இடத்தில் நொண்டியதோ தெரியாது. 'இவ்வாறாக' என்ற சொல்லை ஒரு இடத்திலும் பயன்படுத்தவில்லை.

இவர் அதே முக்கில் நின்றார். "முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது என்றேன். வழியில் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.


ஆகஸ்ட் 7

பெயில். நாலு மார்க் குறைவு.

டீச்சருக்குச் சொன்னேன். அவர் திட்டிய திட்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காதில் விழுந்திருந்தால் தலைமையாசிரியை மேல் மரியாதை கூடியிருக்கும். "என் கைடை வச்சுத் திருத்தியிருக்கறான் படுபாவி. என் பொய்யை எழுதியிருந்தா பாஸாயிருப்பீங்க."

"ஆமாங்க" என்றேன்.

"சொல்லித்தான அனுப்புனேன்?"

"ஆமாங்க."

"நவம்பர்ல மறுபடியும் இருக்குதாம், விசாரிச்சுட்டேன்" என்றார். பிறகு, "பதிப்பகத்துக்கு எழுதியிருக்கறனுங்க. அடுத்த பதிப்புல அந்த அத்தியாயத்தை மாத்தணும்னு. சம்மதிச்சா சேந்து எழுதலாம்" என்றார்.

இவரிடம் சாயங்காலம்தான் சொன்னேன். "நல்லவேளை, யாருக்கும் தெரியாது" என்றார்.

எனக்கு வருத்தமில்லை. பருப்பே போடாமல் சாம்பார் வைத்திருக்கிறேன், சாப்பிடும்போதுதான் தெரிந்தது. இவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.


ஆகஸ்ட் 29

கல்யாணம் முடிந்தது. தாரணி கழுத்தில் தாலி ஏறும்போது நான் அழவில்லை, நாதஸ்வரக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் மேடைக்குக் கீழே உறவுக்காரர்கள் கூட்டம். பவானியிலிருந்து வந்திருந்த இவருடைய மாமன் முறைக்காரர், "சம்பந்தியம்மா டீச்சராமே, உங்கூட்டுல எப்படிச் சமாளிக்கறாங்க?" என்றார்.

இவர் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்கூட்டுல பி.ஏ. இங்கிலீஷாக்கும். ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சா நமக்கு ஒண்ணும் வெளங்காது."

நான் பக்கத்தில்தான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. "பி.ஏ. இல்லைங்க மாமா" என்றேன். "ஒரு பேப்பர் அரியர். ஜூன்ல எழுதி பெயிலாயிட்டேன். நவம்பர்ல மறுபடி எழுதறேனுங்க."

மாமா வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. சௌந்தரி டீச்சர் எங்கிருந்தோ வந்து என் கையிலிருந்த சந்தனத்தைத் தொட்டுக்கொண்டே, "நல்லா எழுதித்தான் பெயிலானாங்க" என்றார். மாமா யோசித்துவிட்டு, "எம் மருமக ஒம்பது பேப்பர் வச்சிருக்கறா. ஒண்ணுதான? எழுதிப் போடலாம்" என்றார். பந்திக்குக் கூப்பிட்டார்கள். ஊர் சிரிக்கவில்லை. பாயசம் தீர்ந்துவிடுமோ என்ற கவலை ஊருக்கு.


ஆகஸ்ட் 31

இவர் பேசவில்லை. கேட்டால் பதில் மட்டும். "சோறு போதும்." "சாவி ஆணியில."


செப்டம்பர் 3

அதேதான். வீட்டில் தாரணி இல்லை. குக்கர் சத்தம் பெரிதாகக் கேட்கிறது.


செப்டம்பர் 7, ஞாயிறு

மதியம் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டு, ஹாலில் உட்கார்ந்து நாடகத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். பதிப்பகம் சம்மதித்துவிட்டது. டீச்சர் கைடின் அந்த அத்தியாயத்தைப் பாதி பாதியாகப் பிரித்திருக்கிறார், முதல் பாதி எனக்கு. கடை லீவு. இவர் சோபாவில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பது அவருக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று நிறுத்தினேன்.

"சத்தமாத்தான் படியேன்" என்றார்.

"இங்கிலீஷுங்க."

"தமிழ்ல சொல்லு. அப்படி என்னதான் இருக்குது அதுலன்னு கேக்கறேன்."

படித்தேன். ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ். மாவு மில், கல்யாணம், அரண்மனை. குதிரை எத்தனை என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். ராஜாவின் சபை வந்தது, வினிஃப்ரெட் பிரபுவுக்குப் பக்கத்துக் கூட்டத்தில் நிற்கிறாள். உன் மனைவி எந்த வம்சம் என்று ராஜா கேட்கிறான். கார்ஸ்டன், பெரிய வம்சம், செத்துவிட்டாள் என்கிறான்.

இவர் எழுந்து உட்கார்ந்தார்.

"உசுரோட இருக்கறவளை எதுக்கு அப்படிச் சொன்னான்?"

"மாவு மில்காரன் மக தன் பொண்டாட்டின்னு சொன்னா சபையில கௌரவமா இருக்காதுன்னு."

உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எட்டாவதோடு நின்று மோட்டார் கடையில் ஸ்பேனர் பிடித்த கை. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் இருந்தேன். தெருவில் ஐஸ்காரனின் மணிச் சத்தம் தூரம் போய்த் தேய்ந்தது.

"அந்தப் புள்ளைக்கு அது தெரியுமா?" என்றார்.

"தெரியும். பக்கத்துலயேதான் இருந்தா."

தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சோபாவில் கொஞ்சம் தள்ளி, எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

"மேல படி" என்றார்.

படித்தேன்.